ஐஸ் காக்காவின் நாலு தெரியாதுகள்

கல்முனைக்குடிக் கடற்கரையில் தனக்கு ஒரு விஷயம் தெரியாது என்று வாய் திறந்து சொன்ன ஒரே மனிதர் ஐஸ் காக்காதான். மற்ற எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. நாளைக்கு மழை வருமா, அரசாங்கம் கவிழுமா, சண்டை எப்போது முடியும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை? எதைக் கேட்டாலும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே பதில் சொல்பவர்கள் அந்தக் கரையில் நிறைந்திருந்தார்கள். ஐஸ் காக்கா மட்டும் ஒரு நாளைக்கு நூறு தடவை "தெரியாது" என்பார். அந்த நூறும் ஒரே தெரியாது அல்ல என்பதுதான் அவரோடு இருந்த தொல்லை.

அவருக்கு வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடலுக்குப் போகும் போட்டுகளுக்கு ஐஸ் விற்றதால் ஐஸ் காக்கா; எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். லொறியில் வரும் பெரிய ஐஸ் கட்டிகளை ஓலைக் கொட்டிலுக்குள் உமியில் புதைத்து வைத்து, காலையில் எடுத்து உடைத்துக் கொடுப்பார். கொட்டிலுக்குள் போய் வெளியே வரும்போது தலையிலிருந்து கால்வரை உமி ஒட்டியிருக்கும். தூரத்தில் பார்த்தால் நெல்லுச் சாக்கு ஒன்று சாரன் உடுத்திக்கொண்டு நடந்து வருவது போலிருக்கும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். அட்டாளைச்சேனையில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு வரிப்பத்தான்சேனையில் வயல் வேலை, அக்கரைப்பற்றில் அரிசி ஆலை, கடைசியில் நெல் லொறியில் மூட்டை ஏற்றும் வேலை. லொறி ஒரு நாள் கல்முனையில் பழுதாகி நின்றது. அதைத் திருத்துவதற்குள் எனக்குப் பசித்துவிட்டது. கடற்கரைப் பக்கம் நடந்தேன். ஓலைக் கொட்டில் வாசலில் உமி படிந்த ஒருவர் நின்றார்.

"வேல ஏதும் இரிக்கா காக்கா?"

"தெரியாது."

திரும்பி நடந்தேன்.

"டேய், நில்லு. எந்தத் தெரியாது எண்டு கேக்காமப் போறாய்?"

நான் விழித்தேன். தெரியாது என்றால் தெரியாதுதான். அதில் எது, எத்தனை என்று யார் கேட்பார்கள்?

"உனக்கு ஐஸ் தூக்கேலுமா எண்டு எனக்குத் தெரியாது. தூக்கிக் காட்டினாத் தெரிஞ்சிரும். இதுக்குப் பேர் சோம்பல் தெரியாது. எழும்பிப் போய்ப் பாத்தாப் போயிரும். தூக்கு பாப்பம்."

தூக்கினேன். கட்டி வழுக்கி என் காலடியில் விழுந்து சிதறியது.

"இப்ப தெரிஞ்சிட்டு," என்றார் காக்கா, மிகுந்த திருப்தியோடு. "உனக்குத் தூக்கத் தெரியாது. உடைக்கத் தெரியும். எனக்கு உடைக்கத்தான் ஆள் வேணும்."

அன்றிலிருந்து என் பெயர் 'அட்டாளச்சேனை'. கொட்டிலின் ஒரு மூலையில் படுக்கை. உமிக்குள் ஐஸ் குளிராக இருக்கும், மேலே கூரை வெயிலில் கொதிக்கும். நான் இரண்டுக்கும் நடுவில் கிடந்தேன். முன்பு படுத்த இடங்களோடு பார்த்தால் மோசமில்லை.

அவருடைய பைத்தியத்துக்குத் தொழில்தான் காரணம் என்று போகப் போகப் புரிந்தது. ஐஸ் குறைவாகக் கொண்டுபோன போட்டில் மீன் நிறையப் பட்டால் மீன் அழுகும். கூடக் கொண்டுபோய் மீன் படாவிட்டால் ஐஸ் தண்ணீராகிக் கடலோடு போகும். ஆகவே ஒவ்வொரு காலையும், இன்னும் நடக்காத ஒரு காரியத்துக்கு அவர் அளவு சொல்ல வேண்டும். அந்த அளவு சொல்லும் கூத்தைப் பார்க்கவே சிலர் கொட்டிலுக்கு வருவார்கள்.

"காக்கா, ரெண்டு கட்டி போடுங்க."

"எத்தின பேர் போறீங்க?"

"மூணு பேரோ நாலு பேரோ."

"அது சோம்பல் தெரியாது. போய் எண்ணிப் பாத்துட்டு வா. எந்தப் பக்கம் போறீங்க?"

"மீன் படுற பக்கம்."

"மீன் எந்தப் பக்கம் படும்?"

"எனக்கு எப்பிடிக் காக்கா தெரியும்?"

"அப்பிடிச் செல்லு! அதுதான் அல்லாஹ்ட தெரியாது. நீ தலகீழா நிண்டாலும் தெரியாது, நான் நிண்டாலும் தெரியாது. அதுக்கெண்டு அரைக் கட்டி கூடப் போட்டுத் தாறன். ஆனா எண்ணிப் பாக்காத சோம்பலுக்கு நான் ஒரு துண்டும் போட மாட்டன்."

"இந்தாள்ட்ட ஐஸ் வாங்குறத விட மீன அழுக விடலாம்," என்று முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். மறுநாள் காலையில் அதே ஆள் வந்து, "நாலு பேர் காக்கா, எண்ணிட்டன்," என்று நிற்பான்.

மூன்றாவது தெரியாதுக்குக் காரணம் பக்கத்து மீன் முதலாளியின் பெரிய தராசு. காக்கா தினமும் காலையில் அதில் ஏறி நின்று தன்னை நிறுத்துப் பார்ப்பார். தன் எடை மாறாது, ஆகவே முள் மாறினால் அது தராசின் குற்றம் என்பது அவர் வாதம். "நாம அளக்குற சாமானே நமக்குப் பொய் செல்லும் மகனே. இது தராசுத் தெரியாது," என்பார். முதலாளியும் ஒன்றிரண்டு தடவை அவர் சொல்லித் தராசைத் திருத்தி, உண்மையிலேயே பிழை கண்டிருக்கிறார். அதனால் பொறுத்துக்கொண்டார்.

நோன்பு மாதம் வந்தது. காக்கா ஏறினார். முள் கீழே நின்றது. அடுத்த நாள் இன்னும் கீழே.

"மொதலாளி, ஒங்கட தராசு குறையப் புடிக்குது."

திருத்தினார்கள். மறுபடியும் குறைவு. மறுபடியும் திருத்தினார்கள். பாதி நோன்பு போவதற்குள் மீன் வாங்க வந்தவர்களெல்லாம் சண்டைக்கு வந்துவிட்டார்கள். காக்காவின் எடைக்காகத் திருத்தப்பட்ட தராசு, ஒரு பாரை மீனை ஆட்டுக்கடா அளவுக்குக் காட்டியது. முதலாளி கத்தினார். காக்காவும் கத்தினார். சத்தம் கேட்டு அவருடைய மனைவி, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவர், வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"ஏன் மனிசன், நோன்பு புடிச்சா ஆக்கள் மெலிய மாட்டாங்களா? ஒங்கட சாரன் இடுப்புல நிக்காம வழுவுறதும் தராசுட பிழையா?"

கரையே சிரித்தது. காக்கா சிரிக்கவில்லை. தராசிலிருந்து மெல்ல இறங்கி மணலில் உட்கார்ந்தார். மாலையில் அங்கேயே நோன்பு திறந்தார். பேரீச்சம்பழத்தை வாயில் வைத்த பிறகுதான் சொன்னார்.

"அட்டாளச்சேனை, நான் பிழைய எல்லா இடத்திலயும் தேடினன். என்ட நினைப்புக்குள்ள தேடல்ல. நான் மாற மாட்டன் எண்டு யார் எனக்குச் சென்ன? நானா நினைச்சிக்கிட்டது. இது நாலாவது தெரியாது. நினைப்புத் தெரியாது. மத்த மூண்டும் வெளிய நிண்டு கடிக்கும், வலிக்கும், தெரியும். இது மண்டைக்குள்ள இருந்து கடிக்கும். வலிக்கவே வலிக்காது."

அதன் பிறகு அவர் பேச்சு இன்னும் சிக்கலாகிவிட்டது. ஒரு கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளைப் பொடியனைப் பற்றி அவரிடம் விசாரித்தார்கள். "பொடியன் சிகரட் குடிக்கானா எண்டது சோம்பல் தெரியாது, அவன்ட கூட்டாளிமாரக் கேளுங்க. கல்யாணம் முடிச்சாப் பொறகு நல்லா இரிப்பானா எண்டது அல்லாஹ்ட தெரியாது. நல்ல பொடியனாத்தான் தெரியுது, ஆனா நான் பாத்தது பெருநாள் அண்டைக்கு. பெருநாளைக்கு எல்லாப் பொடியனும் நல்ல பொடியன்தானே?" பெண் வீட்டார் தேத்தண்ணி குடிக்காமலே எழுந்தார்கள். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் அவரைச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் அழைப்பார்கள்.

ஒரு தடவை சோதனைச் சாவடியில் எங்கள் ஐஸ் வண்டிலை மறித்து, "எப்ப திரும்பி வாறது?" என்று ஒரு சிப்பாய் உடைந்த தமிழில் கேட்டான். காக்கா வாயைத் திறந்தார். "தெரி..." என்று தொடங்கும்போதே நான் அவர் தொடையில் கிள்ளினேன். அவர் என்னைப் பார்த்தார், சிப்பாயின் தோளில் தொங்கிய துவக்கைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு சேர்," என்றார். கொஞ்ச தூரம் போனதும் வண்டிலை நிறுத்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "என்ட ஆயுசுல பெரிய பொய் அது," என்றார். அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான், துவக்குக்கு முன்னால் எல்லாம் தெரிந்தவர்களாக இருந்தோம்.

இப்படியே சிரித்துக்கொண்டிருந்த கரை ஒரு கச்சான் காலத்தில் சிரிப்பை நிறுத்தியது. கச்சான் என்றால் எங்கள் பக்கத்தில் தரையிலிருந்து கடலுக்கு வீசும் சூட்டுக் காற்று. அந்தக் காற்று வலுத்திருந்த ஒரு காலையில் லத்தீப் என்பவர் இரண்டு கூட்டாளிகளோடு பைபர் போட்டில் கடலுக்குப் போனார். மறுநாள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

லத்தீபின் மனைவி ஹாஜரா. எங்கள் கொட்டிலுக்குப் பின் வளவில் குடியிருந்தாள். கைக்குழந்தை ஒன்று. நாலாம் நாள் விடியற்காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்தவள் வீட்டுக்குப் போகவே இல்லை. அவளைச் சுற்றிக் கரை முழுவதும் கூடி, தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

"போட் தாண்டு மூழ்கிட்டு. அக்கரப்பத்துக்கு நேரா எண்ணெய் மிதந்ததாம்."

"இல்ல, திருகோணமலப் பக்கம் நேவி புடிச்சி வெச்சிரிக்காங்களாம்."

"இந்தக் கச்சானுக்கு அம்புட்டா அவ்வளவுதான். இன்னாலில்லாஹி..."

அந்தக் கடைசி வார்த்தை மரணச் செய்திக்குச் சொல்வது. அது ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குத் தொற்றியது. ஒரு கிழவி, பாவம் நல்ல எண்ணத்தில்தான், கணவனை இழந்தவள் இத்தா இருக்க உடுத்தும் வெள்ளைப் புடவையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். ஹாஜரா அந்தப் புடவையைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக எங்கள் கொட்டில் வாசலுக்கு வந்தாள்.

"காக்கா, இவர் ஹயாத்தோட, உசிரோட இரிக்காரா?"

 பக்கத்தில் நின்ற மீன் முதலாளி காக்காவின் காதுக்குள், "இண்டைக்காவது தெரியும் எண்டு செல்லித் தொலைங்க," என்றார். அது எனக்கே கேட்டது.

காக்கா ஹாஜராவின் முகத்தைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்துச் சொன்னார்.

"தெரியாது மகள்."

யாரோ காறித் துப்பினார்கள்.

"ஆனா அது ஒரு தெரியாது இல்ல. அதுக்குள்ள எத்தினையோ தெரியாது கிடக்கு. சோம்பல் தெரியாத முதல்ல பொறுக்கி வெளிய போடுவம். அட்டாளச்சேனை, ஓடு! எண்ணெய் மிதந்தத ஆர் பாத்தது எண்டு கேட்டுட்டு வா."

ஓடினேன். சொன்னவனைக் கேட்டால் இன்னொருவனைக் காட்டினான். அவன் இன்னொருவனை. கடைசியில் எண்ணெயைப் பார்த்ததாகச் சொல்லப்பட்ட ஆள், அந்த வாரம் முழுவதும் காய்ச்சலில் வீட்டைவிட்டு வெளியே வராதவன்.

"ஒண்டு போச்சு," என்றார் காக்கா. "எண்ணெய்க் கடையில கேளு, எவ்வளவு மண்ணெண்ணெய் கொண்டு போனாங்க?" கேட்டேன். வழக்கமான அளவுதான். ஆகவே அவர்கள் வெகுதூரம் போக நினைத்திருக்கவில்லை. ஐஸ் எவ்வளவு என்று நாங்களே அறிவோம். மீன் படும் என்ற நம்பிக்கையில் லத்தீப் சண்டை பிடித்துக் கூட வாங்கிப் போயிருந்தார்.

"ஐஸ் கரைஞ்சா என்ன?" என்று காக்கா கேட்டார்.

"தண்ணி," என்றேன்.

"தண்ணி! உப்பில்லாத தண்ணி. மீன் நாறும், ஆனா குடிக்கலாம். ஹாஜரா, ஒண்டு மட்டும் செல்றன் மகள். அவங்க தாகத்தால மௌத்தாகியிருக்க மாட்டாங்க."

வெள்ளைப் புடவைக் கிழவி அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"போட்டுல காத்துக்குப் பாய் கட்ட ஏதும் இரிக்கா? படங்கு கிடங்கு, தார்ப்பாய் ஏதும்?"

"படங்கு வீட்டுலதான் இரிக்கி காக்கா," என்றாள் ஹாஜரா. "கூரைக்குப் போட்டிரிக்கம்."

"அப்ப எஞ்சின் நிண்டிருந்தா, காத்தும் ஓட்டமும் கொண்டு போன பக்கம்தான் போயிரிப்பாங்க," என்றார் காக்கா. அதன் பிறகு நடந்ததைத்தான் ஊர் பல காலம் நடித்துக் காட்டியது. காக்கா ஒரு பெரிய பேசினில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு சிரட்டையை மிதக்க விட்டார். என் கையில் ஓலை விசிறியைக் கொடுத்தார். "நீ கச்சான். வீசு." நான் கச்சானாக வீசினேன். அவர் ஒரு கரண்டியால் தண்ணீரை மெல்லத் தெற்குப் பக்கம் தள்ளினார். அது நீரோட்டம். அந்த மாதத்தில் ஓட்டம் தெற்கே என்பது கரையில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம். சிரட்டை தள்ளாடித் தள்ளாடிப் பேசினின் தென்கிழக்கு மூலையில் போய் முட்டியது. மறுபடியும் செய்தோம். மறுபடியும் அங்கேதான். ஒரு தடவை என் தும்மலில் சிரட்டை கவிழ்ந்தது. கூட்டத்திலிருந்து "யா அல்லாஹ்!" என்று ஒரு சத்தம் வந்தது.

"தெக்கால, வெளிக்கடல்ல," என்றார் காக்கா. பிறகு சிரட்டையைக் கையில் எடுத்தார். "ஆனா இது கடல் இல்ல. பேசின்."

கடலுக்குப் போக இராணுவ முகாமில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்கள் போய்க் கெஞ்சினார்கள். மூன்று போட், அன்று ஒரு நாள், இருட்டுவதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். கடையில் அன்று எண்ணெயும் இல்லை. வீடு வீடாகப் போய், குப்பி விளக்குகளுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைப் போத்தல் போத்தலாகச் சேர்த்தோம். தரமாட்டேன் என்று ஒரு வீடும் சொல்லவில்லை. இதற்கு மேல் எண்ணெய் கிடைக்க வழியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று கண்டால் உண்டு.

போட்டுகள் தயாரானதும் காக்கா சொன்னார்: "ரெண்டு போட் தெக்க. ஒண்டு வடக்க."

மீன் முதலாளிக்குப் புரியவில்லை. "ஆக்கள் தெக்க இரிக்காங்க எண்டு நீங்கதானே சென்னீங்க?"

"ஓம்."

"வடக்க இரிக்க மாட்டாங்க எண்டும் நீங்கதானே சென்னீங்க?"

"ஓம், நான்தான் சென்னன்."

"அப்ப என்னத்துக்கு வடக்க ஒரு போட்?"

"ரெண்டு போட் என்ட நினைப்புக்கு. ஒரு போட், நான் மடையனா இருந்தா அதுக்கு."

"அந்தக் கணக்குல பாத்தா மூண்டயும் வடக்கதான் அனுப்பணும்!" என்றார் முதலாளி. அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

ஆனால் லத்தீபின் கூட்டாளி ஒருவனின் தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. "மூணு உசிரு காக்கா. ஒங்கட விசர் விளையாட்ட நிப்பாட்டுங்க. சேத்த எண்ணெய்ல மூண்டுல ஒண்டக் கடல்ல ஊத்தச் செல்றீங்க."

காக்கா சேர்த்து வைத்த எண்ணெய்ப் போத்தல்களைப் பார்த்தார். அவன் சொன்னது பிழை என்று அவரால் சொல்ல முடியாது. வடக்கே போகும் போட் உண்மையிலேயே வீணாகலாம். தெற்கே கண்கள் குறைந்ததால்தான் தவறவிட்டோம் என்றும் ஆகலாம். 

ஹாஜராதான் பேசினாள்.

"ஒண்டு வடக்க போகட்டும். மூண்டும் தெக்க போய்ச் சும்மா வந்தா, வடக்கப் பாக்கலையே எண்டு நான் மௌத்தாகுற வரைக்கும் நினைப்பன்."

அவள் சொல்லோடு அது முடிவாகியது.

வடக்கே போகும் போட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆட்கள் இருக்க மாட்டார்கள் என்று அனுப்புபவரே சொல்லும் இடத்துக்கு யார் போவார்கள்? கடைசியில் இரண்டு மீனவப் பொடியன்களையும் என்னையும் ஏற்றினார்கள். "மடையன் போட்டுக்கு ஏத்த ஆக்கள்," என்று கரையில் யாரோ சொன்னார்கள். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை அந்த நேரத்தில் நான் யாருக்கும் சொல்லவில்லை.

நெடுநேரம் ஒன்றும் இல்லை. தண்ணீர், வெயில், வாயெல்லாம் உப்பு. வயிற்றிலிருந்ததை இரண்டு தடவை கடலுக்குக் கொடுத்தேன். பொடியன்கள் காக்காவைத் திட்டுவதற்குப் புதுப் புது வார்த்தை கண்டுபிடித்தார்கள். நடுப்பகல் லுஹர் நேரமும் கடந்தது. கையிருந்த எண்ணெயின் பாதியும் முடிந்தது. திரும்புவோம் என்று ஒருவன் இயந்திரத்தைத் திருப்பப் போனபோது, மற்றவன் எழுந்து நின்றான்.

"அங்க என்னடா, கட்டம் கட்டமா?"

தூரத்தில், அலைக்கு மேலே, கட்டம் போட்ட துணி ஒன்று காற்றில் புடைத்துக்கொண்டு நின்றது. கிட்டப் போனோம். நீலக் கட்டம், பச்சைக் கட்டம், கத்தரிப்பூக் கட்டம். மூன்று சாரன்களை வலை பின்னும் ஊசியால் ஒன்றாகத் தைத்து, மூங்கிலில் பாயாகக் கட்டியிருந்தார்கள். கீழே மூன்று பேர், உதடு வெடித்து, முதுகு தோலுரிந்து, துடுப்பைப் பிடித்தபடி. இயந்திரம் செத்ததும் நீரோட்டத்தோடு போனால் திரும்ப முடியாது என்று, காற்றைக் குறுக்காகப் பிடித்து, துடுப்பும் போட்டு, வடக்கே கரையை நோக்கிச் சரிந்து சரிந்து வந்திருக்கிறார்கள். ஐஸ் கரைந்த தண்ணீரில் கடைசி மிடறு பெட்டியின் அடியில் கிடந்தது.

நான் அழுதேன். லத்தீப் என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "மேலதிகமாச் சாரன் ஏதும் கொண்டு வந்தீங்களா?"

கொண்டு வரவில்லை. பாய் சாரன்களோ கிழிந்து நார் நாராகியிருந்தன. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நாங்கள் கரைக்கு வந்தபோது ஊரே தண்ணீருக்குள் இறங்கி ஓடி வந்தது. ஆண்கள், பெண்கள், பிள்ளைகள். மூன்று பேரும் போட்டின் அடியில் குந்திக்கொண்டு இறங்க மறுத்துவிட்டார்கள்.

"பொம்புளையாக்களத் திரும்பச் செல்லுங்க!" என்று கத்தினார் லத்தீப், நாலு நாளாகக் கடலோடு போராடிய குரலில். "நாங்க உடுப்பில்லாம இரிக்கம்!"

கணவன் உயிரோடு வந்த செய்தியை ஹாஜரா இப்படித்தான் கேட்டாள். பெண்கள் கூட்டம் முழுவதும் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. அழுகையும் சிரிப்புமாக முதுகுகள் குலுங்கின. யாரோ ஓடிப்போய்ச் சாரன் கொண்டு வந்த பிறகுதான் மூன்று பேரும் கரையில் கால் வைத்தார்கள்.

ஐஸ் காக்கா கரையில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

"என்ட கணக்குப் பிழை! என்ட கணக்கு முழுக்கப் பிழை! சாரன்! படங்கக் கேட்டன், பாயக் கேட்டன். நம்மட ஆம்புளையாக்கள் சாரனக் கழட்டுவாங்க எண்டு எவன் நினைப்பான்? ஒருத்தனும் நினைக்கல்ல! அல்ஹம்துலில்லாஹ், என்ட கணக்குப் பிழை!"

பிழைக்காக இவ்வளவு மகிழ்ந்த மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அதற்குள் தேத்தண்ணிக் கடையில், வடக்கேதான் என்று தாங்கள் முதலிலேயே சொன்னதாக ஐந்தாறு பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெற்கே போன இரண்டு போட்டும் பொழுது சாயும் மஃரிபுக்கு முன் வெறுங்கையோடு வந்து சேர்ந்தன. அவர்களைக் கட்டிப்பிடித்து வரவேற்றதும் காக்காதான்.

மறுநாள் பகலில் ஹாஜரா ஒரு தட்டு இனிப்பு வட்டிலப்பம் கொண்டு வந்தாள். காக்கா தொடவே இல்லை. "நான் தெக்க எண்டு சென்னவன் மகள். வடக்க போன பொடியனுக்குக் குடு," என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். தட்டு என்னிடம் வந்தது. நான் சாப்பிட, அவள் வேலியோரம் நின்று குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்து நீங்க போனாப் பொறகு என்ன நடந்த எண்டு தெரியுமா தம்பி?" என்றாள். "எல்லாரும் ஒவ்வொருத்தரா வந்து எனக்கு ஒவ்வொண்டு செல்லிட்டுப் போனாங்க. வருவார் எண்டாங்க, வர மாட்டார் எண்டாங்க. ராத்தா என்ட கையப் புடிச்சிட்டு இருந்தா. காக்கா கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு முதுகக் காட்டிட்டு, கடலப் பாத்துட்டே இருந்தார். தண்ணிகூடக் குடிக்கல்ல. ஒரு வார்த்த செல்லல்ல. இந்தக் கரையில அவர் மட்டும்தான் என்னோட சேந்து தெரியாம இருந்தார்."

தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டுக் காக்காவைத் தேடிப் போனேன். கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தோணியின் நிழலில், உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுத் தூங்கிப்போயிருந்தார். அன்று ஐஸ் லொறி வரும் நேரம். எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தில் வந்து மொய்த்த ஈக்களை விரட்டிக்கொண்டிருந்தேன்.